புருசன் பொண்டாட்டி பிரிஞ்சாச்சு, பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? முதல் தடவை கோர்ட் படி ஏறப்போறவங்களுக்கு

எங்க ஊர்ப்பக்கம் ஒரு குடும்பம் பிரியுதுன்னா ரெண்டு மாசத்துக்கு ஆள் மாத்தி ஆள் வந்து பேசுவாங்க. மாமன் வீட்டு மாடியில பாய விரிச்சு உக்காந்து நகை எத்தன பவுன், சீர் பாத்திரம் யார் வீட்ல, பைக் யார் பேர்லன்னு பைசா சுத்தமா பேசி முடிச்சிட்டு, கடைசில எந்திரிச்சு வேட்டிய ஒதறிக் கட்டுறப்ப யாராவது ஒரு பெருசு "ஆமா, பிள்ளைக்கு என்னப்பா?"ன்னு கேக்கும். "அது ஆத்தாகிட்ட இருக்கட்டும், அப்பன் அப்பப்ப போய் பாத்துக்கிறட்டும்"னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. அந்த "அப்பப்ப"ங்கிற ஒத்த வார்த்தையால நான் ரெண்டு வருசம் சீரழிஞ்சேன்.

நான் வக்கீல் கிடையாதுங்க, மதுரை வில்லாபுரத்துல சின்னதா எலக்ட்ரிகல் கடை வச்சிருக்கேன். பையனுக்கு 6 வயசுல பிரிஞ்சோம், இப்ப அவனுக்கு 12. அவன் அம்மா வீடு ஒத்தக்கடை. கடைக்கு வர்ற பசங்க, சொந்தக்காரங்கன்னு இது வரைக்கும் ஏழெட்டு பேருக்கு வாயால சொல்லி சொல்லி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சிருவோம்னு உக்காந்துட்டேன். ஆம்பளைக்கும் சேத்துதான், பொம்பளைக்கும் சேத்துதான்.

மொதல்ல நாலு வார்த்தைய பிரிச்சுக்கங்க

ஜீவனாம்சம்னா மாசாமாசம் செலவுக்கு குடுக்குற பணம், அதுல பொண்டாட்டிக்கு வேற, பிள்ளைக்கு வேற. பொண்டாட்டி "எனக்கு ஒத்த ரூவா வேணாம்"னு எழுதிக் குடுத்தா அது அவங்களுக்கு மட்டும்தான், பிள்ளையோட பணத்த விட்டுக்குடுக்க அம்மாவுக்கும் உரிமை இல்ல அப்பனுக்கும் உரிமை இல்ல. கஸ்டடின்னா பிள்ளை யார் வீட்ல வளருது. கார்டியன்னா பிள்ளைக்காக கையெழுத்து போடுற, முடிவெடுக்குற ஆளு. விசிட்டேஷன்னா கஸ்டடி இல்லாதவர் பிள்ளைய பாக்குறது, கூட்டிட்டுப் போறது.

இந்த நாலும் தனித்தனி கயிறு. நம்ம ஆளுங்க நாலையும் ஒண்ணா முறுக்கி இழுப்பாங்க, "பிள்ளைய காட்டுனாதான் பணம்", "பணம் வந்தாதான் பிள்ளை". கோர்ட்ல இது ரெண்டும் எடுபடாது. நானும் அந்தக் கூத்த அடிச்சவன்தான், கீழ சொல்றேன்.

சட்டத்துல எதுன்னு கேட்டா, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 125-ஆவது பிரிவுன்னு இருந்துச்சு, 2024 ஜூலை 1-லருந்து பிஎன்எஸ்எஸ்னு (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) புதுச் சட்டம் வந்து அது பிஎன்எஸ்எஸ் 144 ஆயிருச்சு. வக்கீலுங்க பேச்சுல இன்னும் "ஒரு 125 போட்டு விடுவோம்"னுதான் வரும், ரெண்டும் ஒண்ணுதான். இது எல்லா மதத்துக்கும் பொது. கல்யாணம் ஆகாம பொறந்த பிள்ளைக்கும் இதுல உரிமை உண்டு. முஸ்லிம் அப்பாவுக்கும் இது பொருந்தும்னு சுப்ரீம் கோர்ட் 1997-லயே நூர் சபா காத்தூன் கேஸ்ல சொல்லிருச்சு. இந்துக்களுக்கு இது போக 1956 தத்தெடுப்பு ஜீவனாம்சச் சட்டம் இருக்கு, டைவர்ஸ் கேஸ் நடந்துட்டு இருக்கப்பவே இடைக்காலமா கேக்க 1955 திருமணச் சட்டத்துல 24-ஆவது பிரிவு இருக்கு, பிள்ளையோட கஸ்டடி, படிப்பு, செலவுக்கு 26. நம்பர் எல்லாம் மனப்பாடம் பண்ண வேணாம், வக்கீல் சொல்றப்ப முழிக்காம இருந்தா போதும்.

வக்கீல பாக்குறதுக்கு முன்னாடி வீட்ல உக்காந்து செய்ற வேலை

ஒரு ஃபைல் வாங்குங்க. பிள்ளையோட பர்த் சர்டிபிகேட், ஆதார், ஸ்கூல் பீஸ் ரசீது, ஆஸ்பத்திரி சீட்டு, மருந்துக்கடை பில், கல்யாணப் பத்திரிகையோ மேரேஜ் சர்டிபிகேட்டோ, ரெண்டு பேரோட சம்பள சிலிப் இல்லாட்டி பேங்க் ஸ்டேட்மெண்ட். எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ்.

அப்புறம் ஒரு நோட்டுல பிள்ளைக்கு மாசம் என்ன ஆகுதுன்னு எழுதுங்க, குத்துமதிப்பா சொல்லாதீங்க. எங்க பையனுக்கு அன்னைக்கு எழுதுனத அப்படியே போடுறேன், இன்னைக்கு விலவாசி வேறதான், ஆனா போடுற விதம் இதுதான். ஸ்கூல் பீஸ் வருசத்துக்கு 42,000, அத 12-ஆல வகுத்தா மாசம் 3,500. வேன் 1,200. டியூசன் 800. சாப்பாடு, பால், பழம் 3,500. துணிமணி, ஷூ 700. மருந்து மாத்திரை 500. நோட்டு, யூனிபார்ம், டூர், பர்த்டே மிட்டாய் எல்லாம் சேத்து சராசரி 600. இதுவரைக்கும் 10,800. அவங்க இருந்த வாடகை வீடு 7,500, அதுல பையனோட பங்குன்னு மூணுல ஒண்ணு 2,500. ஆக மொத்தம் 13,300.

இந்த நோட்டு வர்ற வரைக்கும் நான் "3,000 ரூவா குடுக்கிறேன், ஒரு சின்னப்பயலுக்கு அதுக்கு மேல என்ன ஆகும்"னு பேசிட்டு இருந்தேன். வேன் பீஸ் எவ்வளவுன்னே எனக்கு தெரியாது. வெக்கமாத்தான் இருந்துச்சு.

அடுத்து இத யார் எவ்வளவு தூக்குறது. "சம்பளத்துல 25 பர்சென்ட் குடுத்தா போதும்"னு டீக்கடையில ஒரு கணக்கு ஓடுது பாருங்க, 2017-ல ஒரு கேஸ்ல பொண்டாட்டிக்கு குடுக்க வேண்டிய தொகையப் பத்தி சுப்ரீம் கோர்ட் சொன்னத எல்லாரும் வாய்ப்பாடு மாதிரி ஆக்கிட்டாங்க. சட்டத்துல அப்படி ஒரு பர்சென்ட்டே எழுதல. பிள்ளையோட தேவை, அது பழகுன வாழ்க்கை, ரெண்டு பேர் வருமானம், குடுக்குறவர் தலையில ஏற்கனவே இருக்கிற பாரம், இத வச்சு கோர்ட் முடிவு பண்ணும். அம்மா சம்பாதிச்சா அவங்களுக்கும் பங்கு உண்டு, 2000-ல பத்மஜா சர்மா கேஸ்ல ரெண்டு பேரும் வேலையில இருந்ததால சம்பளத்த பாத்து அப்பா ரெண்டு பங்கு அம்மா ஒரு பங்குன்னு சுப்ரீம் கோர்ட் பிரிச்சது. எங்க வக்கீல் அதத்தான் எடுத்துக் காட்டுனார், எங்க வருமானமும் கிட்டத்தட்ட அதே ரெண்டுக்கு ஒண்ணுதான். 13,300-ல ரெண்டு பங்கு 8,867, பேசி 9,000-ன்னு முடிச்சோம். அதுல 3,500 கணக்குக்கு ஸ்கூல் பீஸ நானே நேரா ஸ்கூல்ல கட்டிருவேன், மிச்சம் 5,500 மாசம் 5-ஆம் தேதிக்குள்ள அவங்க அக்கவுண்ட்டுக்கு. அந்த 5,500 வருசம் 10 பர்சென்ட் ஏறும், அதாவது அடுத்த வருசம் 6,050. இந்த ஏறுற கண்டிசன எழுதாம விட்டீங்கன்னா ஒவ்வொரு தடவையும் திரும்ப மனு போட்டு அலையணும், மறந்துறாதீங்க.

சொத்து விவர அஃபிடவிட்: பொய் எழுதாதீங்க

2020 நவம்பர் 4-ல ரஜ்னேஷ் எதிர் நேகான்னு சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. அதுலருந்து ஜீவனாம்ச கேஸ்னா ரெண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாத்தையும் அஃபிடவிட்டா தாக்கல் பண்ணனும். இன்னொண்ணும் அதுல சொன்னாங்க, பணம் மனு போட்ட தேதியிலருந்து கணக்காகும். கேஸ் ரெண்டு வருசம் இழுத்தா ரெண்டு வருச பாக்கியும் சேந்து நிக்கும், அதனால "வாய்தா வாங்கி வாங்கி ஓட்டிருவோம்"ங்கிற ஐடியா யாருக்கும் லாபம் இல்ல.

சம்பளக்காரங்களுக்கு சிலிப் இருக்கு. என்ன மாதிரி கடை வச்சிருக்கவன், ஆட்டோ ஓட்டுறவன், பெயிண்ட் கான்ட்ராக்ட் எடுக்கிறவன் எல்லாம் "எனக்கு நிரந்தர வருமானம் இல்லைங்கய்யா"ன்னு ஆரம்பிப்பான். நான் அஃபிடவிட்ல மாச வருமானம் 15,000-ன்னு போட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் அம்மா நிதானமா கேட்டாங்க, "கடை வாடகை எவ்வளவுங்க?" 12,000-ன்னேன். "கடைப்பையனுக்கு சம்பளம்?" 9,000-ன்னேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு வேர்த்துருச்சு. அந்தம்மா ஒண்ணும் பேசல, கடையோட க்யூஆர் கோட் போட்டோ ஒண்ண ஃபைல்லருந்து எடுத்து டேபிள் மேல வச்சாங்க, அந்த அக்கவுண்ட்டோட ஸ்டேட்மெண்ட்ட கேப்போம்னு அர்த்தம். எங்க வக்கீல் என்னப் பாத்த பார்வை இருக்கே. மறு வாய்தாவுக்கு ஒழுங்கா திருத்தி போட்டோம். ஜிபே, போன்பே வந்த காலத்துல வருமானத்த ஒளிக்கிறது ரொம்ப கஷ்டம், பிடிபட்டா அதுக்கப்புறம் நம்ம சொல்ற உண்மையும் எடுபடாது.

"எனக்கு வேலையே இல்ல"ங்கிறதும் ஓடாது. உடம்பு நல்லா இருக்க ஆம்பள கூலி வேலை பாத்தாவது குடுக்கணும்னு 2022-ல அஞ்சு கார்க் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் பச்சையாவே சொல்லிருக்கு.

எங்க போகணும்

மதுரையில குடும்பநல கோர்ட் இருக்கு, மாவட்ட கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸும் இருக்கு. காசு இல்லாதவங்க நேரா இந்த ஆபீஸுக்குத்தான் போகணும். பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு, நெறைய பேருக்கு இது தெரியாம வளையல அடகு வச்சு வக்கீல் பீஸ் கட்டுறாங்க. போன்ல கேக்கணும்னா 15100. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம்னு தாலுகா அளவுலயும் சட்டப்பணிகள் குழு இருக்கு, உங்க ஊருக்கு எந்த கோர்ட்ல மனு போடணும்னு அங்கயே சொல்லிருவாங்க.

ஜீவனாம்ச மனுவ நீங்க இருக்கிற ஊர்லயும் போடலாம், எதிர்த்தரப்பு இருக்கிற ஊர்லயும் போடலாம், கடைசியா சேந்து குடியிருந்த ஊர்லயும் போடலாம். திருப்பூர்ல இருந்துட்டு கோவிச்சுக்கிட்டு மதுரைக்கு அம்மா வீட்டுக்கு வந்த பொண்ணு இங்கயே போடலாம், திருப்பூருக்கு அலைய வேண்டியதில்ல. கஸ்டடி, கார்டியன் மனு மட்டும் பிள்ளை வழக்கமா வசிக்கிற ஊர்ல. இடைக்கால ஜீவனாம்ச மனுவ நோட்டீஸ் சேந்த நாள்லருந்து கூடுமானவரை 60 நாள்ல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. நடப்புல அதுக்கு மேலயும் இழுக்கும், மனச தயார் பண்ணிக்கங்க. அதனாலதான் சொல்றேன், இடைக்கால மனுவ மொத நாளே மெயின் மனு கூடவே போட்டுருங்க.

குடும்பநல கோர்ட்ல முதல்ல சமாதானத்துக்குத்தான் பாப்பாங்க, கவுன்சிலிங், மீடியேஷன்னு அனுப்புவாங்க. "சேத்து வைக்கப் போறாங்க, எனக்கு வேணாம்"னு நெறைய பேர் போகாம இருந்துர்றாங்க. சேந்து வாழத்தான் மீடியேஷன்னு இல்ல, பிரியிறத ஒழுங்கா பிரியவும் அங்கயே பேசலாம், அங்க பேசுனத பின்னாடி கேஸ்ல எடுத்து குத்திக்காட்டவும் முடியாது. எங்க ஒப்பந்தம் மொத்தமும் அங்க நாலு சிட்டிங்லதான் உருவாச்சு.

ஆனா ஒண்ணு. அடி உதைன்னு ஓடி வந்தவங்கள "நேர்ல உக்காந்து பேசி முடிச்சுக்கம்மா"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அவங்களுக்கு 2005 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு, அதுலயே பிள்ளையோட இடைக்கால கஸ்டடியும் கேக்கலாம், மாசப் பணமும் கேக்கலாம், அவர் சம்பளத்துலருந்து நேரா பிடிச்சு குடுக்கச் சொல்லி முதலாளிக்கே உத்தரவு போடவும் அதுல வழி இருக்கு. 181-க்கு அடிங்க, பிள்ளைக்கு ஆபத்துன்னா 1098.

ஒப்பந்தத்துல என்னென்ன எழுதணும்

இதுலதான் நேரம் செலவழிக்கணும், வக்கீல் குமாஸ்தா டைப் அடிச்சு வச்சிருக்க ரெண்டு பாராவுல கையெழுத்து போட்டுட்டு வந்துறாதீங்க.

கிழமை, மணி, இடம், மூணும் வேணும். "வாரம் ஒரு தடவை"ன்னு எழுதக்கூடாது, "ஒண்ணாவது, மூணாவது சனிக்கிழமை காலை 9 மணியிலருந்து ஞாயிறு சாயந்தரம் 6 மணி வரைக்கும்"னு எழுதணும். கைமாத்துற இடம் யார் வீடாவும் இருக்கக்கூடாது. வீட்டு வாசல்னா அங்க அப்பத்தா நிப்பாங்க, இங்க அம்மாச்சி நிப்பாங்க, அஞ்சு நிமிசத்துல தெருவே கூடிரும். நாங்க ராஜாஜி பார்க் வாசல்னு முடிவு பண்ணோம், எனக்கும் பாதி தூரம் அவங்களுக்கும் பாதி தூரம், பிள்ளைக்கும் அங்க வர்றது பிடிச்சிருந்துச்சு.

பை. கேக்க சின்ன விசயம் மாதிரி இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு போன், கணக்கு நோட்டு என் வீட்டுலயே கெடக்கு, திங்கக்கிழமை டெஸ்ட். வில்லாபுரத்துலருந்து ஒத்தக்கடைக்கு மழையில வண்டிய எடுத்துட்டு போனேன், நோட்ட சட்டைக்குள்ள சொருகி. வாசல்ல பையன் தூங்காம நின்னுட்டு இருந்தான், "அப்பா திட்டுவாங்களா அம்மா திட்டுவாங்களா"ன்னு அவனுக்கு அந்த பயம்தான் பெருசா இருந்துருக்கு. அன்னைக்கே ஒரு சின்ன அட்டையில நோட்டு, மூக்குக்கண்ணாடி, இருமல் மருந்து, ஐடி கார்டுன்னு எழுதி பைக்குள்ள ஒட்டிட்டோம். பிள்ளையோட பைய சரிபாக்குற பொறுப்பு அனுப்புற ஆளோடது, பிள்ளையோடது கிடையாது, அத ஒப்பந்தத்துலயே எழுதலாம், தப்பே இல்ல.

லீவு, திருவிழா. காலாண்டு, அரையாண்டு, மே மாச லீவு மூணுக்கும் தனித்தனியா எழுதுங்க. தீபாவளி ஒரு வருசம் இங்க, ஒரு வருசம் அங்க. பொங்கல் எங்களுக்கு தானா அமைஞ்சிருச்சு, தை 1 எங்க பக்கம் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, மறுநாள் அவங்க சொந்தக்காரங்க ஊரு பாலமேடு, அதனால ரெண்டு நாளும் ரெண்டு பக்கம். சித்திரைத் திருவிழாவுக்குத்தான் சண்டை. அழகர் ஆத்துல எறங்குறத எங்கப்பா தோள்ல உக்காந்து பாத்தவன் நான், என் பிள்ளைய என் தோள்ல வச்சு காட்டணும்னு எனக்கு, மதுரைக்கு வர்ற அழகர எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு எங்க வீட்ல இருக்கட்டும்னு அவங்களுக்கு. கடைசில மீனாட்சி கல்யாணமும் தேரும் அவங்களுக்கு, அழகர் எறங்குற விடியக்காலை எனக்கு, எதிர்சேவை முடிஞ்சு ராத்திரி 10 மணிக்கு என்கிட்ட விட்ரணும்னு எழுதுனோம். டைப் அடிச்ச தம்பி சிரிச்சுட்டாரு, ஆனா இத்தன வருசமா அந்த ஒரு விசயத்துல எங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம் வந்ததில்ல.

சடங்கு சாங்கியம். காதுகுத்து, மொட்டை, சிவராத்திரிக்கு குலசாமி கோயில், பொம்பளப் பிள்ளைன்னா சடங்கு சுத்துறது. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும், ஆனா மொட்டை அப்பன் வீட்டு குலசாமிக்கு. நகரத்து வக்கீல் இத கேக்க மாட்டார், நம்மதான் சொல்லணும். "ரெண்டு பேருக்கும் 15 நாள் முன்னாடி தகவல், ரெண்டு பேரும் வரலாம், செலவு செய்றவங்களோடது"ன்னு ரெண்டு வரி போதும்.

போன். தினமும் ராத்திரி 7:30-லருந்து 8 மணிக்குள்ள வீடியோ கால், ஸ்பீக்கர்ல போடக்கூடாது, பக்கத்துல உக்காந்து எடுத்துக்குடுக்கக்கூடாது. நேர்ல பாக்க முடியாதவங்களுக்கு போன், வீடியோ கால்ல பேசுற உரிமை வேணும்னு 2020-ல யஷிதா சாகு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. சிங்கப்பூர்ல இருக்கவர்னா அங்க நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, துபாய்னா ஒன்றரை மணி நேரம் பின்னாடி, எந்த ஊர் மணின்னு எழுதுங்க. இத எழுதாம ஒரு தம்பி மூணு மாசம் பிள்ளை தூங்குனதுக்கப்புறமே கூப்ட்டுட்டு "எடுக்க மாட்டேங்கிறாங்கண்ணே"ன்னு அழுதான்.

முடிவுகள். ஸ்கூல் மாத்துறது, டிசி வாங்குறது, ஆபரேசன், பாஸ்போர்ட், வேற ஊருக்கு குடி போறது, இதுக்கெல்லாம் எழுத்துல தகவல், இத்தன நாளுக்குள்ள பதில். பாஸ்போர்ட்டுக்கு பொதுவா ரெண்டு பேர் சம்மதமும் கேப்பாங்க, அத முன்னாடியே பேசிருங்க. ஆஸ்பத்திரின்னா மெடிக்கல் இன்சூரன்ஸ் யார் பேர்ல, அதுக்கு மேல ஆகுறத எந்த விகிதத்துல.

மேல்படிப்பு. 144-ல பிள்ளைக்கு 18 வயசு வரைக்கும்தான், உடல் மனக்குறை இருக்க பிள்ளைன்னா அதுக்கு மேலயும். இந்துப் பெண்பிள்ளைக்கு கல்யாணம் ஆகுற வரைக்கும் கேக்க 1956 சட்டத்துல வழி இருக்கு. பையன்தான் 18 முடிஞ்சதும் காலேஜ் பீஸ் நேரத்துல அந்தரத்துல நிப்பான். "முதல் டிகிரி முடியிற வரைக்கும் பீஸ் இந்த விகிதத்துல"ன்னு இப்பவே எழுதி வாங்கிருங்க.

பத்திரத்துல எழுதுனா போதுமா

போதாது. ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி நோட்டரி முத்திரை குத்தி பீரோவுல வச்சுட்டு "எங்களுக்கு டைவர்ஸ் ஆயிருச்சு"ன்னு சுத்துறவங்க நெறைய. ஊர்ல அத்துவிட்ட பேப்பரும் அதே கததான். அவர் பணம் அனுப்பலைன்னா அந்த பேப்பர வச்சு வாரண்ட் கேக்க முடியாது. கோர்ட்ல தாக்கல் பண்ணி உத்தரவுக்குள்ள வந்தாத்தான் அதுக்கு பல்லு. பரஸ்பர சம்மதத்துல டைவர்ஸ்னா, அதாவது இந்து திருமணச் சட்டம் 13பி, ஒரு வருசம் தனித்தனியா வாழ்ந்திருக்கணும், மனுவோடயே பிள்ளை ஒப்பந்தத்தையும் சேத்துருங்க. முதல் மனுவுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல 6 மாசம் காத்திருக்கணும், ஆனா ரொம்ப நாளா பிரிஞ்சிருந்து பணம், பிள்ளை எல்லாம் பேசி முடிச்சிட்டா அந்த 6 மாசத்த கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. டைவர்ஸ் வேணாம், பிள்ளை ஏற்பாடு மட்டும் போதும்னா ஜீவனாம்ச மனு, கார்டியன் மனுவுல சமரசமா பதிவு பண்ணிக்கலாம். லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல முடிச்சாலும் அது கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும்.

ஜாயிண்ட் கஸ்டடின்னு தனிச் சட்டம் நம்ம நாட்டுல இல்ல, 2015-ல சட்ட ஆணையம் 257-ஆவது அறிக்கையில கொண்டு வரலாம்னு சொன்னதோட நிக்குது. ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதுனா கோர்ட் அப்படியே உத்தரவாக்கும். ஒத்துக்கலைன்னா ஜட்ஜ் பாக்குறது பிள்ளையோட நன்மை ஒண்ணுதான். 5 வயசு முடியாத பிள்ளை சாதாரணமா அம்மாகிட்டன்னு 1956 கார்டியன் சட்டத்துல இருக்கு. வெவரம் தெரிஞ்ச பிள்ளைன்னா ஜட்ஜ் சேம்பருக்குள்ள கூப்பிட்டு தனியா பேசுவார். தயவுசெஞ்சு சொல்லிக்குடுத்து கூட்டிட்டு போகாதீங்க, "எங்கப்பா கெட்டவரு அங்கிள்"னு ஒப்பிக்கிற பிள்ளைய அவங்க எத்தனையோ பாத்துட்டாங்க.

பணம் வரலைன்னா, பிள்ளைய காட்டலைன்னா

பணம் எப்பவும் பேங்க் வழியா, ஜிபேல அனுப்புனா நோட்ல "பிள்ளை ஜீவனாம்சம் ஜூன்"னு அடிச்சு அனுப்புங்க. கையில குடுத்தது எதுவும் கணக்குல வராது, மச்சினன் கையில குடுத்தது நிச்சயமா வராது. பிள்ளைக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்தத மாசப் பணத்துல கழிக்காதீங்க, அது உங்க ஆசைக்கு வாங்குனது.

வரலைன்னா நிறைவேற்று மனு போடணும். இதுல ஒரு கண்ணி இருக்கு, ஒவ்வொரு மாசப் பணமும் கட்ட வேண்டிய தேதியிலருந்து 1 வருசத்துக்குள்ள மனு போடணும், அதுக்கு மேல விட்டா 144-க்கு கீழ அந்த பாக்கிக்கு வாரண்ட் வாங்க முடியாது. "பாவம், வேலை கெடச்சதும் குடுக்கட்டும்"னு ஒன்றரை வருசம் பொறுத்த ஒரு தங்கச்சிக்கு ஆறு மாசப் பணம் அதுல நழுவிப் போச்சு. பாக்கிக்கு மாசத்துக்கு 1 மாசம் வரைக்கும் ஜெயில் போடலாம், உள்ள போய்ட்டு வந்தாலும் கடன் தீராது, பணத்த கட்டித்தான் ஆகணும்.

இப்ப என் கத. உத்தரவு வந்த புதுசுல தொடர்ந்து மூணு சனிக்கிழமை பிள்ளைய அனுப்பல, காய்ச்சல், கல்யாண வீடு, மறுபடி காய்ச்சல். எனக்கு ரோசம் வந்து ரெண்டு மாசம் பணத்த நிறுத்துனேன். அவங்க மனு போட்டாங்க, எனக்கு நோட்டீஸ். கோர்ட்ல நின்னு "பிள்ளையவே காட்டலைங்கய்யா"ன்னேன், "அதுக்கு நீங்க மனு போட்டீங்களா?"ன்னு ஒரே கேள்வி. போடல. ரெண்டு மாசப் பணத்தையும் அங்கயே கட்டிட்டு வந்தேன். அந்த ரெண்டு மாசமும் பையனுக்கு டியூசன் நின்னு போச்சுன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சது. பிள்ளைய காட்டலைன்னா வர்றேன்னு சொன்ன மெசேஜ், பார்க் வாசல்ல நின்ன நேரம், போட்டோ, எல்லாத்தையும் வச்சுக்கிட்டு தனியா மனு போடுங்க, விட்டுப்போன நாளுக்கு ஈடா வேற நாள் கேளுங்க. பணம் அது பாட்டுக்கு 5-ஆம் தேதி போகட்டும்.

நிலைமை மாறுனா, வேலை போச்சு, சம்பளம் ஏறுச்சு, பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, இப்படி எது நடந்தாலும் தொகைய கூட்டவோ குறைக்கவோ பிஎன்எஸ்எஸ் 146-ல கேக்கலாம். நம்மளா குறைச்சு அனுப்பக்கூடாது. கஸ்டடி உத்தரவும் கல்லுல வெட்டுனது கிடையாது, பிள்ளை வளர வளர மாத்தச் சொல்லிக் கேக்கலாம். எங்க பையன் இப்ப கிரிக்கெட் கோச்சிங் போறான், சனிக்கிழமை காலையில அவனுக்கு என்ன பாக்க நேரமில்ல, அதனால வெள்ளிக்கிழமை சாயந்தரம்னு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஒரு மெமோ தாக்கல் பண்ணோம்.

உத்தரவு வந்ததும் சர்ட்டிஃபைட் காப்பி ரெண்டு செட்டுக்கு மனு போட்டு வாங்கிருங்க, ஒண்ணு போதும்னு வாங்கிட்டு அப்புறம் பாஸ்போர்ட் ஆபீஸுக்கு குடுக்க தேடாதீங்க. அதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஸ்கூல் ஆபீஸ்ல குடுத்து, யார் யார் எந்தெந்த கிழமை கூட்டிட்டுப் போகலாம்னு எழுத்துல சொல்லிருங்க. முக்கியமா கேட்ல நிக்கிற வாட்ச்மேன் அண்ணன்கிட்ட உங்க ரெண்டு பேர் மொகத்தையும் ஒரு தடவை காட்டிட்டு வாங்க, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அங்க உத்தரவ படிச்சுப் பாக்க யாருக்கும் நேரம் இருக்காது.